புளித்த மாவும் கறிவேப்பிலைத் தொட்டியும்

கேள்வி: ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு பொங்கி வழிந்து, கடுமையாகப் புளித்துவிட்டது. எப்படிச் சரிசெய்வது? மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றலாமா? செடி ஒற்றைக் குச்சியாகவே வளர்கிறது. இலையில் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருக்கிறது.
– வாசகி, மதுரை

பதில்: கோடையில் 6 மணி நேரமே மாவுக்குப் போதும். பொங்கியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பவும் வேண்டாம். அதிகம் புளித்த மாவில் காற்று நிற்காது, இட்லி தட்டையாகிவிடும். 4 கரண்டி மாவுக்கு 2 மேசைக்கரண்டி ரவை கலந்து, 15 நிமிடம் ஊறவிட்டு, சின்ன வெங்காயம் தூவி ஊத்தப்பமாக ஊற்றுங்கள். அந்தப் புளிப்பு அதற்கு அருமையாகப் பொருந்தும்!

செடிக்கு மாவு வேண்டவே வேண்டாம். அதிலுள்ள உப்பு தொட்டியில் தங்கி இலை நுனியைக் கருக்கும். மண்மேல் ஏடு படிந்து எறும்பும் வரும். உப்பு போடாத புளித்த மோர் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு கலந்து 15 நாளுக்கு ஒருமுறை வேரடியில் ஊற்றினால் போதும். உருவி உருவி இலை பறிக்காமல், நுனித்தண்டைக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். பக்கக் கிளைகள் வெடிக்கும்.

அந்த 'எச்சம்' பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், மெல்லத் தொட்டால் தலையருகே கொம்பு நீட்டி நெடி விடும். செடி பெரிதென்றால் ஒரு கிளையை அதற்கு விட்டுவிடுங்கள். கூடு பிளந்து, ஈரச் சிறகை விரித்து அது உலர்த்துவதைத் தொட்டியருகே நின்றே பார்க்கலாம்.