ஹாரி பாட்டருக்கு அடுத்து எந்தத் திகில் நாவல்?

வணக்கம். ஹாரி பாட்டரின் 7 பாகங்களையும் முடித்துவிட்ட உங்கள் 13 வயதுத் தங்கைக்கு ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவலை வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். பிளஸ் டூ படிக்கும் நான் அதைச் சென்ற விடுமுறையில்தான் படித்தேன். 1986இல் வெளிவந்த அந்நாவல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதில் வரும் பிள்ளைகளுக்கு நேர்பவற்றுள் சில அவ்வயதில் படிக்கத் தக்கவையல்ல என்பதால், இப்போதைக்கு வேண்டாம்.

மாறாக, கோனன் டாயிலின் ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ பொருந்தும். இறந்தவரின் உடலுக்குச் சற்றுத் தள்ளித் தெரிந்த தடங்கள் ஆணுடையவையா பெண்ணுடையவையா என்று துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸ் கேட்க, அவை ஒரு ராட்சத வேட்டைநாயின் தடங்கள் என்று மருத்துவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும் இடத்தைப் படித்த இரவில், விளக்கை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. நடுவில் ஹோம்ஸ் வெகுநேரம் தலைகாட்டாமல் இருப்பதை மட்டும் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.