தாத்தாவின் கையும் பட்டை நிப்பும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. திருச்சியில் வங்கி வேலை. அம்மாவின் அப்பா பத்திரம் எழுதுபவராக இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு முப்பது வருடங்களுக்கு மேல் எழுதியவர். இப்போது வயது 83. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவருடைய பழைய வரைவுத் தாள்கள் ஒரு கட்டு கண்ணில் பட்டது. ஒரு பக்கம் முழுக்க ஒரே சீராக ஓடும் அந்த எழுத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் காலிகிராபி என்னும் அழகெழுத்துக் கலையைப் பழக வேண்டும் என்று ஆசை.

ஆன்லைனில் கூர் நிப்பும் அதை மாட்டி எழுதும் கட்டையும் மையும் வாங்கி, யூடியூப் பார்த்து, காப்பர்பிளேட் என்ற ஆங்கில அலங்கார எழுத்தை எழுதிப் பார்க்கிறேன். மேலே இழுக்கும் கோட்டில் நிப் தாளைக் கிழிக்கிறது, மை தெறிக்கிறது. தாத்தா பார்த்துவிட்டு, “எழுத்துன்னா ஓடணும்மா, நீ வரைஞ்சிட்டு இருக்கே” என்றார். அதோடு மனது விட்டுப்போயிற்று. என் கையெழுத்தே சுமார்தான். இந்த வயதில் இது வருமா? தமிழில் எழுத ஆங்கிலத்தில் பழகித்தான் வர வேண்டுமா? தாத்தாவின் தாள்களைப் பார்த்து எழுதிப் பழகினால் போதுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவை காத்திருக்கும், இது காத்திருக்காது. தாத்தாவின் தாள்களைப் பார்த்து எழுதுவதை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொண்டால் அந்தக் கட்டு இன்னும் ஐம்பது வருடம் இருக்கும். அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்க்க இப்போதுதான் முடியும்.

தாளில் இருப்பது முடிந்துபோன எழுத்து. எங்கே தொடங்கினார், எந்த வளைவில் நிதானித்தார், எங்கே பேனாவைத் தூக்கி எங்கே மறுபடி வைத்தார் என்பதில் பாதிக்கு மேல் காய்ந்த மைக்குள் மறைந்துவிடும். முடிந்த வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினால், ஓரத்தைப் பார்த்துப் பார்த்துக் கோட்டை நிரப்ப வேண்டியதுதான். அதைத்தான் அவர் வரைவது என்றார். முழுக்கச் சரியாகச் சொல்லியிருக்கிறார். தொழில் தெரிந்த ஒருவர் ஒரே பார்வையில் குறையைக் கண்டு சொல்லியிருக்கிறார் என்றால் அது பெரிய கொடுப்பினை. பணம் கட்டிப் போகிற வகுப்பிலும் இது எளிதில் கிடைக்காது.

அவருடைய பக்கம் ஏன் அவ்வளவு சீராக இருக்கிறது என்று யோசித்தீர்களா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி, ஆவணத்தில் அடித்தல், திருத்தல், இடைச்செருகல், காலியிடம் ஏதாவது இருந்து, எழுதிக்கொடுப்பவர் அதற்குக் கையெழுத்துப் போட்டுச் சான்று தராவிட்டால், சார்பதிவாளர் பதிய மறுக்கலாம். ஒரு சொல்லை நுழைக்க இடம் கிடைத்தாலே பின்னால் சண்டை வரும். அதனால் பத்திரம் எழுதுபவர் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடும் வெள்ளையை ஒரே அளவாக வைத்துக்கொண்டே போவார். வரி முடியும் இடத்தை முன்கூட்டியே கணக்குப் போடுவார். காலிகிராபியில் கற்றுக்கொள்ள மிகக் கடினமானது இதுதான். கறுப்பை எல்லோரும் ஓரளவு எழுதிவிடுவார்கள், வெள்ளையைச் சீராக விடுவதற்கு வருடக்கணக்கில் ஆகும். உங்கள் தாத்தா அதை வயிற்றுப்பாட்டுக்காகக் கற்று, தினமும் செய்திருக்கிறார்.

சரி, எப்படி உட்காருவது? “அழகா எழுதிக் காட்டுங்க தாத்தா” என்று கேட்காதீர்கள். கை விறைத்துக்கொள்ளும். அவருக்கு மனப்பாடமாக இருப்பதை எழுதச் சொல்லுங்கள். ‘இதற்குச் செக்குபந்தி’ என்று தொடங்கி நான்கு எல்லைகளை எழுதுவாரே, அது போதும். கோடு போட்ட பெரிய தாளும் அவருக்குப் பழக்கமான பேனாவும் கொடுங்கள். அவர் வலக்கையால் எழுதுபவர் என்றால் இடது பக்கத்தில் உட்காருங்கள், நிப் தாளைத் தொடும் இடம் அங்கிருந்துதான் தெரியும். போனில் படம் எடுக்கலாம். ஆனால் முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் கோடுகள் விழுந்த வரிசையை 1, 2, 3 என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வயதால் கை நடுங்கலாம், அதைப் பொருட்படுத்த வேண்டாம். கோடு நடுங்கினாலும் வரிசை மாறாது. அரைப் பக்கத்துக்கு மேல் எழுத வைக்காதீர்கள்.

அப்புறம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், பிறகு ணை, லை, ளை, னை. உங்கள் தாத்தா பள்ளியில் படித்தது பழைய வடிவங்களை. துதிக்கை மேலே ஏறி வளையும் அந்த லையும் னையும் இன்று போனில் தட்டினால் வருவதில்லை. பழைய புத்தகங்களில் அச்சாக நிறையக் கிடைக்கின்றன, ஆனால் கை எந்தத் திசையில் போய் அந்தத் துதிக்கையைச் சுழற்றியது என்று அச்சைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பதின்மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி உங்கள் பேனா விஷயம். குறை உங்கள் கையில் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது. கூர் நிப் அழுத்தத்தால் வேலை செய்வது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் நிப்பின் இரண்டு இதழ்களும் விரிந்து கோடு தடிக்கும். மேலே போகும்போது அழுத்தத்தை முழுக்க எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கூர்முனை தாளின் நாரில் சிக்கி, விடுபடும்போது மையைத் தெறிக்கும். போதாததற்குக் காப்பர்பிளேட்டின் மாதிரித் தாள்கள் ஒரு காலத்தில் செப்புத் தகட்டில் உளியால் செதுக்கி அச்சிடப்பட்டவை. பெயரே அதிலிருந்து வந்ததுதான். செதுக்குபவர் பேனா எழுத்தின் நடுக்கத்தையெல்லாம் மழித்துவிடுவார். உளி கொடுத்த வழவழப்பை முதல் மாதத்திலேயே பேனாவில் எதிர்பார்த்தால் யாருக்கும் மனது விட்டுப்போகும். அந்த நிப்பைத் துடைத்து எடுத்து வையுங்கள், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம்.

தொடங்க வேண்டியது பட்டை நிப்பில். அதன் முனை உளி போலத் தட்டையாக இருக்கும். அழுத்தவே வேண்டாம். நிப்பைப் பிடிக்கும் சாய்வு மாறாமல் இருந்தால், கை போகும் திசைக்கு ஏற்ப கோடு தானாகத் தடித்தும் மெலிந்தும் வரும். இதை நவீன காலத்தில் மீட்டெடுத்தவர் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ்காரர் (1872-1944). மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு லண்டனுக்கு வந்து, பிரிட்டிஷ் மியூசியத்தில் பழைய கையெழுத்துச் சுவடிகளை உட்கார்ந்து பார்த்தார். 1899இல் அங்குள்ள கலைத்தொழில் பள்ளியில் எழுத்து வகுப்பு எடுக்கத் தொடங்கினார். சுவடி எழுதியவர்கள் இறந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, கேட்க ஆள் இல்லை. எனவே அவர், இந்தக் கோடு விழ வேண்டுமானால் பேனா முனை எப்படி இருந்திருக்கும், எந்தச் சாய்வில் பிடித்திருப்பார்கள், எந்தக் கோடு முதலில் விழுந்திருக்கும் என்று மையை வைத்தே பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்தார். விவிலியத்தின் திருப்பாடல்கள் எழுதப்பட்ட 10ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்றை அடிப்படையாக வைத்து அவர் அமைத்த எழுத்துமுறையைத்தான் இன்றும் தொடக்கக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிப் சாய்வு 30 பாகை, சிறிய எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல 4 மடங்கு. லண்டன் பாதாள ரயிலின் பெயர்ப் பலகை எழுத்துகளை 1916இல் வடிவமைத்தவரும் அவரே. ஜான்ஸ்டன் சுவடியிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்ததை நீங்கள் ஒரு மனிதரிடம் நேரில் கேட்டுவிடலாம். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

2 மில்லிமீட்டர் அகல நிப்பாக வாங்குங்கள். மெல்லிய நிப் தவறுகளை மறைத்துவிடும், பெரியது காட்டிக்கொடுக்கும். புதிய நிப்பில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். கொஞ்சம் பற்பசை தேய்த்துக் கழுவித் துடைத்தால்தான் மை ஒட்டும். மைக்கூட்டில் நிப்பின் துளை வரைக்கும் தோய்த்து, விளிம்பில் ஒரு தரம் தொட்டு எடுங்கள். நீரில் கரையாத டிராயிங் மை தோய்த்து எழுதும் நிப்புக்குச் சரி, ஆனால் அதைத் தாத்தாவின் மை பேனாவில் ஊற்றிவிடாதீர்கள், உள்ளே காய்ந்து அடைத்துவிடும். ஜெராக்ஸ் தாளில் மை ஊறிப் பரவினால் கையைக் குறை சொல்ல வேண்டாம். கணக்குப் பேரேட்டுக்குப் பயன்படும் லெட்ஜர் தாளை வாங்கிப் பாருங்கள். எழுதும் தாளுக்கு அடியில் நாலைந்து தாள்கள் மெத்தையாக இருக்கட்டும். நிப் வந்து சேரும்வரை, இரண்டு பென்சில்களைச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி எழுதிப் பாருங்கள். இரண்டு முனைகளும் பட்டை நிப்பின் இரண்டு மூலைகள். எந்தத் திசையில் கோடு அகல்கிறது, எங்கே ஒடுங்குகிறது என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும்.

ஆங்கிலம் வழியாக வர வேண்டுமா என்றால், தேவையில்லை. நேராகத் தமிழில் தொடங்குங்கள். ஆனால் தமிழில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். எழுத்தாணி ஓலையில் கீறும் கோடு எல்லாப் பக்கமும் ஒரே தடிமன். பள்ளியில் நாம் பென்சிலில் பழகியதும் அப்படித்தான். ப எழுதும்போது இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறி, ஒரே இழுப்பில் முடிப்போம். பட்டை நிப்பில் அந்த மேலேறும் கோடு வராது. தட்டை முனையை இழுக்கலாம், தள்ளக் கூடாது. தள்ளினால் தாளில் குத்தும். எனவே எழுத்தை உடைக்க வேண்டும். இடதுகால் இறங்கி, அடிக்கோடு வலப்பக்கம் போனதும் பேனாவைத் தூக்கி, வலதுகாலை மேலிருந்து கீழே இழுத்து அடிக்கோட்டில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தையும் எங்கே உடைப்பது என்பதுதான் தமிழ்க் காலிகிராபியின் முதல் வேலை. இதற்குத்தான் தாத்தாவின் வரிசை உதவும். அவர் கை இயல்பாக எங்கே நிதானிக்கிறதோ, அங்கே உடைத்தால் எழுத்தின் ஓட்டம் கெடாது.

சாய்வையும் சொல்லிவிடுகிறேன். 2 மி.மீ. நிப்பை 30 பாகையில் பிடித்தால் நெட்டுக்கோடு சுமார் 1.7 மி.மீ. தடிமனும் படுக்கைக்கோடு 1 மி.மீ. தடிமனும் வரும். ப, ட, ம மாதிரி நிற்கும் எழுத்துகளுக்கு இது நல்ல பொருத்தம். 45 பாகைக்கு மாற்றினால் இரண்டும் 1.4 ஆகிவிடும், கால்களும் அடியும் ஒரே கனத்தில் தட்டையாகத் தெரியும். உயரத்துக்கு ஜான்ஸ்டனின் 4 மடங்கு தமிழுக்குப் போதாது என்பது நான் எழுதிப் பார்த்து வந்த முடிவு. இ, ஞ, ண போன்றவற்றின் சுழிகள் அடைந்து மைப்பொட்டாகிவிடும். 6 மடங்கு வைத்துக்கொள்ளுங்கள், 12 மி.மீ. கொக்கிக்கும் கீழே இறங்கும் உகரக் குறிகளுக்கும் இடம் வேண்டும், ஆகையால் அதே அளவு இடைவெளி விட்டு அடுத்த வரி.

சுழி உள்ள எழுத்துகளை முதலில் தொடவே வேண்டாம். ட, ப, அப்புறம் துணைக்கால் (ா). மூன்றும் வந்தால் ‘பட்டா’ என்று எழுதிவிடலாம். பத்திரம் எழுதியவரின் பேத்திக்கு இதைவிட நல்ல முதல் சொல் கிடைக்காது! புள்ளிக்கு வட்டம் போடாமல், அதே சாய்வில் நிப்பை வைத்துச் சற்றே இழுத்து எடுங்கள், ஒரு சாய்சதுரம் விழும். அந்தச் சொல்லை வரி வரியாக எழுதி, நெட்டுக்கோடுகளுக்கு நடுவில் வெள்ளை ஒரே அளவாக இருக்கிறதா என்று தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். தலைகீழாக இருந்தால் படிக்க வராது, இடைவெளிதான் கண்ணில் படும்.

தாத்தாவும் எழுத்தும் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா. இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலப் பிரதியை முழுக்கக் கையால் எழுதியவர். 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்ட பிரதி அது. சாய்வெழுத்து முறையில், ஓரங்களில் நந்தலால் போஸும் அவருடைய சாந்திநிகேதன் மாணவர்களும் தீட்டிய ஓவியங்களோடு இருக்கும். ராய்ஜாதாவை வளர்த்தது தாத்தா, எழுதக் கற்றுக்கொடுத்ததும் அவரே. பாரசீகமும் ஆங்கிலமும் படித்தவர். கூலியாகப் பணம் வேண்டாம், எல்லாப் பக்கங்களிலும் என் பெயரும் கடைசிப் பக்கத்தில் என் தாத்தாவின் பெயரும் இருக்க வேண்டும் என்று நேருவிடம் ராய்ஜாதா கேட்டதாகச் சொல்வார்கள். இணையத்தில் அந்தப் பக்கங்களின் படங்கள் கிடைக்கும். பெரிதாக்கிப் பாருங்கள். ஆபரண வளைவுகளைத் தேடாமல், வரிகளின் இடைவெளியைக் கவனியுங்கள். பத்திரக்காரர் பேத்தியான உங்களுக்கு அது உடனே பிடிபடும்.

வயதைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. 34 வயதுக்குக் கை நன்றாகவே பழகும். குழந்தைகளுக்கு இல்லாத பொறுமையும் உங்களுக்கு இருக்கிறது. கையெழுத்து சுமார் என்பதும் தடையில்லை. அன்றாடக் கையெழுத்து பெரும்பாலும் வேகத்தால் கெடுவது. இங்கே வேகம் இல்லை, கோடுகளின் வரிசையும் புதியது. பழைய பழக்கம் குறுக்கே வராத அளவுக்கு வேறு வேலை இது. வங்கி முடிந்து வந்து களைப்போடு இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, காலையில் இருபது நிமிடம் ஒரே எழுத்தை எழுதுங்கள். நன்றாக வந்த ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுத் தேதி எழுதி வையுங்கள்.

அடுத்த முறை எழுதும்போது ‘பட்டா’ எழுதிய பக்கம் ஒன்றையும், தாத்தா எழுதிய பழைய ‘லை’ ஒன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். நிப் அளவையும் தாள் வகையையும் குறிப்பிடுங்கள். வரைவுத் தாள்களை மட்டும் அப்படியே அனுப்பாதீர்கள், அவற்றில் யார் யாருடைய நிலமும் பெயரும் இருக்கும்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்