ஐப்பசியில் ஊற்றாகும் உறிஞ்சிக்குழி

கேள்வி: எங்கள் தெருவில் 60 வீடுகள். குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு உறிஞ்சிக்குழி போட்டார்கள். முதல் மழைக்கே நிரம்பி வழிகிறது. இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்கிறார்கள் சிலர். பேசாமல் வாய்க்காலில் விடலாம் என்கிறார்கள் சிலர். எது சரி?
– ஒரு வாசகர், மன்னார்குடி அருகிலிருந்து

பதில்: இரண்டும் வேண்டாம். நான் ஓவர்சியர் வேலை பார்த்தவன். ரிட்டையர் ஆனதும் கொல்லையில் ஆறடிக்குக் குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, பெருமையாக மூடினேன். ஐப்பசி அடைமழையில் விட்ட தண்ணீரெல்லாம் திரும்பி மேலே வந்தது. "கிணறு வெட்டினீங்களா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

நம் பக்கத்துக் களிமண் லேசில் தண்ணீர் குடிக்காது. வயலில் தண்ணீர் நிற்கிற மாதங்களில் நிலத்தடி நீரும் மேலேறிவிடும். இன்னும் ஆழம் போனால் அழுக்கை நேரே அடிபம்புக்கு அனுப்புகிறோம் என்று அர்த்தம். வாய்க்காலோ, வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடினால் ஜூன் 12 வரை காய்ந்து கிடக்கும். அதில் தேங்கி நாறப்போவது உங்கள் தெருத் தண்ணீர் மட்டும்தான்.

ஆனால் குழிக்கு ஆகாத அதே களிமண், கழிவுநீரைத் தேக்கிச் சுத்தம் செய்கிற குளத்துக்கு நல்ல மண். 60 வீட்டுக்கு 240 பேர் என்று வைப்போம். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் வந்தால், அதில் எண்பது சதவீதம் கழிவாகும்: நாளுக்குச் சுமார் 10,500 லிட்டர். ஒன்றரை மீட்டர் ஆழக் குளத்தில் இருபது நாள் நிறுத்திவைக்கப் பத்துப் பதினோரு குழி நிலம் (ஒரு குழி என்பது 144 சதுர அடி) போதும். கரைக்கு இன்னும் கொஞ்சம். வயல் வெள்ளம் உள்ளே வராதபடி கரையை உயர்த்துங்கள். குளத்து நீர்மட்டம் சாக்கடையைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும், இல்லையென்றால் மோட்டார் வைக்க வேண்டிவரும். மண்ணும் சாம்பலும் படிய முன்னால் ஒரு தொட்டி கட்டுங்கள். அதை அள்ள ஆள் வேண்டும்.

மோட்டார் இல்லை, மருந்து இல்லை என்றால் யார் சுத்தம் செய்வது? வெயிலில் பாசி வளர்ந்து ஆக்சிஜன் விடும், அதை வைத்து நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். கிருமிகளில் பெரும்பகுதி வெயிலிலேயே சாகும். அதனால் பச்சையாக இருக்கிறதே என்று பாசியை அள்ளாதீர்கள். அள்ள வேண்டியது ஆகாயத்தாமரையை. அது மூடினால் வெயில் உள்ளே போகாது, கொசுவும் குடியேறும். கரையில் நிழல் மரமும் வேண்டாம்.

சரி, குளம் வெட்டுமுன் ஒரு வேலை. எந்தெந்த வீட்டு செப்டிக் டேங்கின் பைப் தெருச் சாக்கடையில் திறக்கிறது என்று நடந்து பாருங்கள். டேங்கில் கசடு படியுமே தவிர, கிருமி வெளியே வரும் தண்ணீரோடுதான் போகும். அது கலந்தால் ஒரு குளம் போதாது, வரிசையாக மூன்று வேண்டும். அந்தத் தண்ணீரை அவரவர் கொல்லையில் மேடாக்கிய மணல் பாத்திக்குத் திருப்பி, கல்வாழை நடச் சொல்லுங்கள். சண்டை வரும். எங்கள் தெருவிலும் வந்தது. முதலில் அகப்பட்ட பைப் என் பங்காளி வீட்டுடையது.