பக்கத்துக் காம்பராவில் பகலில் உறங்குபவர்

கேள்வி:
அக்கா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) இருக்கிறோம். மகனுக்கு 13 வயது. இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மாமா கொடுத்த ஒரு சோடி பேன்டம் (குட்டை இனக்) கோழி பெருகி, இப்போது மூன்று சேவல், ஐந்து பெட்டை நிற்கின்றன. சேவல்கள் விடியற்காலை மூன்றரைக்கே கூவுவதாகப் பக்கத்துக் காம்பரா அக்கா குறை சொன்னார். அன்றிலிருந்து ராத்திரியில் கூடையால் மூடி, மேலே சாக்கும் போட்டு, காலை ஆறரைக்குத்தான் திறந்து விடுகிறேன். அப்படியும் அவருக்குக் கோபம் தீரவில்லை. அவர் வீட்டுக்காரருக்கு பெக்டரியில் ராத்திரி வேலை. போன வாரம் அவரே வெளியில் வந்து சத்தம் போட்டு, பொலிஸில் சொல்வேன் என்றார். பதினொரு வருஷமாகத் தாயும் பிள்ளையுமாகப் பழகியவர்கள். நாங்கள் முட்டை விற்று நாலு காசு பார்ப்பது பொறுக்கவில்லையோ என்று தோன்றுகிறது. கோழிகளை விற்கலாம் என்றால் மகன் அழுகிறான். நான் என்ன செய்வது?
(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

பதில்:
அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது: "அவர் வீட்டுக்காரருக்கு பெக்டரியில் ராத்திரி வேலை."

அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பகலில் பறித்த தேயிலைக் கொழுந்து வாடுவதற்கே 12 முதல் 18 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் வாடிய கொழுந்தை உருட்டும் ரோலர் ஓடுவது பெரும்பாலும் ஊர் தூங்கும் நேரமாக இருக்கிறது. அந்த மனிதர் இரவெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு, ஆறரைக்கோ ஏழுக்கோ வீட்டுக்கு வந்து, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் படுக்கிறார். சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் கூடையைத் திறக்கிறீர்கள். இரவு முழுக்க இருட்டில் அடைபட்டுக் கிடந்த மூன்று சேவல்கள் வெளியே வந்ததும் என்ன செய்யும்? ஒன்றுக்கொன்று போட்டியாகக் கூவும். சேவலை நீங்கள் மூடி வைத்த நேரத்தில் அவர் வீட்டிலேயே இல்லை. நீங்கள் மனசாரப் பாடுபட்டது அந்த அக்காவின் தூக்கத்துக்கு. அவர் வீட்டுக்காரரின் தூக்கத்துக்கு இன்னும் யாரும் எதுவும் செய்யவில்லை.

இதில் பொறாமை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தூக்கம் கெட்ட மனிதர் வாயில் நல்ல வார்த்தை வராது, அவ்வளவுதான். நானும் லயத்தில் பிறந்தவள். எங்கள் லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரைக்கும் எழும்பவில்லை. பக்கத்தில் அரிசி களைவதுகூட எங்களுக்குக் கேட்கும். அந்த இடத்தில் மூன்று சேவல் கூவினால் எப்படியிருக்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சேவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மகனிடமும் படித்துக் காட்டுங்கள். வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்று நாம் நினைக்கிறோம். ஜப்பானில் நாகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் செய்த ஆய்வில், நாள் முழுக்க ஒரே மங்கலான வெளிச்சத்தில் வைத்திருந்த சேவல்களும் விடியல் நேரத்தை உடம்பாலேயே கணித்துக் கூவின. விடிவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்னாலேயே தொடங்கிவிடுகின்றன. நம் நாட்டில் வருஷம் முழுக்கச் சூரியன் ஆறு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. ஆகவே உங்கள் சேவல் மூன்றரை, நாலுக்குக் கூவுவதில் வியப்பில்லை. இருட்டாக்கி அந்த உள்கடிகாரத்தை நிறுத்த முடியாது. ஆனால் வெளிச்சமும், இன்னொரு சேவலின் குரலும் கூவலை மேலும் தூண்டும் என்பதையும் அதே ஆய்வில் கண்டார்கள். அந்தத் தூண்டுதலைத்தான் நம்மால் குறைக்க முடியும்.

அதே ஆய்வாளர்கள் 2015இல் இன்னொன்றும் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தில் தலைமைச் சேவல் எதுவோ அதுதான் முதலில் கூவும். அடுத்த நிலையில் இருப்பது அதற்குப் பிறகு, கடைசிச் சேவல் கடைசியில். தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் இரண்டாவது அந்த இடத்துக்கு வந்துவிடும். ஆக, உங்கள் வீட்டில் ஒரு கூவலுக்கு மூன்று கூவல் எழுகிறது.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, ஒரே ஒரு சேவலை மட்டும் வைத்துக்கொள்வது. இதில் நான் விட்டுக்கொடுத்துச் சொல்ல மாட்டேன். சத்தத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஐந்து பெட்டைக்கு மூன்று சேவல் என்பது பெட்டைகளுக்கே கொடுமை. முதுகுச் சிறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா என்று ஒருதரம் தூக்கிப் பாருங்கள். ஒரு பேன்டம் சேவல் எட்டுப் பத்துப் பெட்டையுடன் சுகமாக இருக்கும். முட்டைக்காக மட்டும் வளர்ப்பதென்றால் சேவலே தேவையில்லை, பெட்டை எப்படியும் முட்டையிடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். ஆனால் மகன் அழுவது முட்டைக்காக அல்லவே. ஒன்று இருக்கட்டும்.

எது இருக்க வேண்டும் என்பதை அவனே சொல்லட்டும். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்: எந்தச் சேவல், எத்தனை மணிக்கு, எத்தனை தரம் கூவியது என்று. பேன்டம் குரல் பெரிய நாட்டுச் சேவலின் குரலைப் போல ஓங்கி ஒலிக்காது. ஆனால் கீச்சென்று இருக்கும், காதில் குத்தும். மூன்றிலும் ஒன்று கொஞ்சம் அடக்கமாக இருக்கும். அதைப் பிள்ளையே கண்டுபிடித்தால் அவன் அழுகை பாதி அடங்கிவிடும்.

மற்ற இரண்டையும் அவனுக்குத் தெரியாமல் கறிக்குப் போட்டுவிடாதீர்கள். எனக்கு ஒன்பது வயதில், நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்து என் வெள்ளைச் சேவலை அறுத்துவிட்டார்கள். மாலையில் வந்து தேடினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குசினியில் மணம்தான் சொன்னது. அப்பாவோடு பல நாள் பேசவில்லை. இன்றைக்கும் அது நினைவில் இருக்கிறது. தனிவீட்டுத் திட்டத்தில் ஏழு பேர்ச் காணியோடு வீடு கிடைத்த சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவரும் தன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கிக்கொள்ளட்டும். மகனே கொண்டுபோய் விட்டு வரட்டும். காட்டோரமாக விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒன்று, கீரியோ நாயோ அன்றிரவே பிடித்துவிடும். இன்னொன்று, நம் நாட்டின் தேசியப் பறவையான காட்டுக்கோழி இந்த மலைகளிலும் இருக்கிறது. வீட்டுக்கோழி அதனோடு கலக்கக்கூடும், நோயையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இப்போது அந்த ஒரு சேவலுக்கு வருவோம். அதற்கு இரண்டு இடம் வேண்டும்: இரவுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று.

இரவுக்குக் கூடையும் சாக்கும் போதாது. கூடை வழியாகச் சத்தமும் வெளிச்சமும் தாராளமாகப் போகும். பலகைப் பெட்டி ஒன்று செய்யுங்கள். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு பழைய தேயிலைப் பெட்டி கிடக்கும். இதற்கு அதைப் போல ஒன்று கிடையாது. இப்போது தூள் காகிதப் பையில் போய்விட்டதால் பலகைத் துண்டோ பிளைவுட்டோதான் தேட வேண்டும். சேவல் சாதாரணமாக நிற்கும்போது தலைக்கு மேல் இரண்டு விரல்கட்டை இடைவெளி இருந்தால் போதும், உயரம் அதற்கு மேல் வேண்டாம். சேவல் கழுத்தை நீட்டி உயர்த்தித்தான் முழுக் குரலில் கூவும்; உயர்த்த இடமில்லாவிட்டால் குரல் குறையும். ஆனால் அகலத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். சுற்றித் திரும்பி, சிறகு ஒருமுறை உதற முடிய வேண்டும்.

காற்றுக்கு இரண்டு பக்கமும் துளைகள் வேண்டும். துளைக்கு வெளியே ஒரு விரல் தள்ளி இன்னொரு பலகைத் துண்டை மறைப்பாக அடித்துவிட்டால் காற்று வளைந்து உள்ளே வரும், வெளிச்சம் வராது. குளிர்கிறதே என்று பொலித்தீனால் சுற்றிவிடாதீர்கள். மலைநாட்டில் கோழியைக் குளிரைவிட ஈரம்தான் அதிகம் வருத்தும். அடைத்த பெட்டிக்குள் அதன் மூச்சிலும் எச்சத்திலும் இருந்து வரும் ஈரமும் காட்டமும் சளியில்தான் கொண்டுபோய் விடும். அடியில் மரச்சீவலோ நன்றாகக் காய்ந்த மானாப்புல்லோ போட்டு, நனைந்ததை அன்றன்றே அள்ளிவிடுங்கள். மேலே பழைய கம்பளி போடலாம், துளைகளை மூடாமல். பெட்டியை உங்கள் காம்பராவுக்குள், அந்த அக்கா வீட்டுச் சுவரைத் தொடாத மூலையில் வையுங்கள். விறகடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், புகை கோழியின் நெஞ்சுக்கு ஆகாது.

கழுத்தில் கட்டினால் கூவாது என்று ஒரு பட்டி விற்கிறார்கள், மகன் போனில் பார்த்திருப்பான். அதை வாங்க வேண்டாம். கொஞ்சம் இறுகினாலும் தீனி தொண்டையில் சிக்கும், மூச்சு முட்டும், ராத்திரியில் நீங்கள் தூங்கும்போது அது செத்துக் கிடக்கும்.

பகல்தான் உங்கள் விஷயத்தில் பெரிய வேலை. லயத்துக்குக் கீழே மரக்கறி போடும் துண்டு இருக்கிறதா? இருந்தால் சேவலின் பகல் வீடு அங்கேதான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். மூன்று மீட்டரில் இருப்பதை இருபத்துநாலு மீட்டருக்குக் கொண்டுபோனால் 18 டெசிபல் போய்விடும். நடுவில் ஒரு மேடோ அடர்ந்த வேலியோ இருந்தால் இன்னும் நல்லது. காலையில் திறக்காமல் பெட்டியோடு தூக்கிக்கொண்டுபோய் அங்கே திறக்க வேண்டும். பேன்டம் சேவல் ஒரு கிலோவுக்கும் குறைவுதான், மகன் பள்ளிக்கூடம் போகும் முன் செய்துவிடலாம். பொழுது சாயும் முன் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும்; உங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டமும் இருக்கிறது, மரநாயும் உண்டு. கூட்டுக்கு மெல்லிய கோழிவலை போதாது, வெல்ட்மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடியுங்கள், மேல் பக்கமும் சேர்த்து. நிலம் தோட்டத்துடையது என்பதால் கூடு அடிக்கும் முன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெட்டைகள் வீட்டோரம் இருக்கலாம். முட்டையிட்டதும் அவையும் கொக்கரிக்கும் என்பதால் முட்டைப் பெட்டியை மட்டும் அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம் மாற்றுங்கள்.

பொலிஸ் பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். இப்படிப்பட்ட அயலவர் பிணக்குகளைப் பேசித் தீர்க்கத்தான் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. ஆனால் அது வரைக்கும் போக விடாதீர்கள் என்பதே என் ஆசை. பிரான்சில் மொரிஸ் என்ற சேவலின் கூவலுக்கு எதிராக அயலவர் வழக்குப் போட்டு, 2019இல் தீர்ப்பு சேவல் பக்கம் வந்தது. ஊரே கொண்டாடியது. அந்த அயலவர் அங்கே விடுமுறைக்கு வந்து போகிறவர்கள். உங்களுக்கு அப்படியில்லை, தங்கச்சி. ஒரே பைப்பில் தண்ணீர் பிடிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒரு காய்ச்சல் என்றால் முதலில் கதவைத் தட்டப்போவது அந்த அக்காதான்.

ஆகவே கூடு அடிக்கும் முன், பெட்டி செய்யும் முன், இன்றைக்கோ நாளைக்கோ அவர் வீட்டுக்குப் போங்கள். முட்டை எதுவும் கொண்டு போகாதீர்கள். இந்த முறை வெறுங்கையோடு போவதுதான் மரியாதை. அவர் வீட்டுக்காரர் எழும்பிய பிறகு, பின்னேரம் போங்கள். "அக்கா, நான் உங்க தூக்கத்தை மட்டும்தான் நெனச்சேன், மாமா பகல்ல படுக்கிறத யோசிக்கல. அவரு எத்தன மணிக்குப் படுப்பாரு, எத்தன மணிக்கு எழும்புவாரு சொல்லுங்க" என்று கேளுங்கள். பெக்டரியில் முறை மாறும் என்பதால், மாறும்போது சொல்லச் சொல்லுங்கள். பகல் முறை வரும் வாரங்களில் சேவலை வீட்டோரம் விடலாமா என்பதையும் அவர்களே சொல்லட்டும். போகும்போது மகனையும் கூட்டிப் போங்கள். சேவல் அவனுடையது, அவனும் கேட்க வேண்டும். முதல் நாளே அவர்கள் முகம் மலராவிட்டாலும் மனம் தளராதீர்கள். இரண்டு வாரம் அவர் நிம்மதியாகத் தூங்கட்டும், பிறகு பாருங்கள்.

பெட்டி அடிக்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: ஆணியின் கூர் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் மடக்கி அடித்துவிட வேண்டும். இருட்டில் தலையை நிமிர்த்தும்போது கொண்டை கிழிந்துவிடும்.