மலேசியாவில் வாடகைக் கார் ஓட்டப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தமிழ்நாட்டிலிருந்து போய் மலேசியாவில் செல்ஃப் டிரைவ் கார் எடுப்பவர்கள் கேட்டவை இவை. விசா, ஹோட்டல் பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: நம்ம ஊர் லைசென்ஸ் ஆங்கிலத்தில்தானே இருக்கு. அது போதாதா சார்?

பதில்: இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டையும் சேர்த்து எடுத்துப் போங்கள். ஆர்டிஓவில் படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய். பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு செல்லும். அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் பெர்மிட்டும் அன்றோடு முடிந்தது. ஒரிஜினல் லைசென்ஸ் இல்லாமல் பெர்மிட்டை மட்டும் நீட்டிப் பயனில்லை. கார் வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். மச்சானும் மாற்றி ஓட்டுவார் என்றால் அவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறார்கள். அப்புறம் டெபாசிட் எதற்கு?

பதில்: ஃபுல் என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் 'எக்ஸஸ்' என்ற வரியைத் தேடுங்கள். சேதமானால் அந்தத் தொகை வரை உங்கள் பொறுப்பு. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். டெபாசிட்டுக்கு கிரெடிட் கார்டில் தொகையை நிறுத்தி வைக்கட்டும். பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். சாவி வாங்கும் முன் வண்டியைச் சுற்றி ஒரே வீடியோ எடுங்கள்: நான்கு வீல் ரிம், முன் பம்பரின் அடிப்பகுதி, கண்ணாடி, ஸ்டெப்னி, பெட்ரோல் முள், கிலோமீட்டர் எண். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே வீடியோ.

கேள்வி: டோல்கேட்டில் பணமாகக் கட்டலாமா?

பதில்: பணத்தை நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே பணம் ஏற்றிவைக்கும் 'டச் அண்ட் கோ' கார்டு வேண்டும். வண்டியிலேயே இருந்தால் மீதித் தொகையைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பெட்ரோல் பங்கில் ரீசார்ஜ் செய்துகொள்ளுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பெரும்பகுதி தூரத்துக்கேற்ற கட்டணம்தான். நுழையும்போது தட்டிய அதே கார்டை வெளியேறும்போதும் தட்ட வேண்டும். ஸ்மார்ட் டேக், ஆர்எஃப்ஐடி என்று எழுதியவை வண்டியில் தனிக் கருவியோ ஸ்டிக்கரோ இருப்பவர்களுக்கு; அந்த லேன்களில் கார்டோடு நுழைந்தால் பின்னால் வருபவர்களையும் மறித்து நிற்பீர்கள்.

கேள்வி: அண்ணே, கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது கருகல் வாடை வந்தது. வண்டி பழசா?

பதில்: வண்டி புதியதாக இருந்தாலும் வந்திருக்கும். கியரைச் சாதாரண ஓட்டத்துக்கான டி-யில் (D) போட்டு, வழி நெடுக பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இறங்கியிருப்பீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டிக்குப் புதியவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். பிரேக் பேட் சூடேறினால் பிடிமானம் குறையும். அதைவிட ஆபத்தானது பிரேக் ஆயில் கொதிப்பது. டாட் 3 என்ற வகைப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சியபின் அது 140 வரை இறங்கிவிடும். கொதித்த ஆயிலில் ஆவிக் குமிழி நிற்கும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது.

இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை எல் (L), 2, எஸ் (S), பி (B; பார்க்கிங்குக்கான P அல்ல) என்று உங்கள் வண்டியில் லோ கியருக்கு எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். இன்ஜின் சத்தம் கூடும், கூடட்டும். வளைவுக்கு முன் நேர்ப்பாதையிலேயே பிரேக்கை அழுத்தமாக ஒரு முறை மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். பெடல் மெத்தென்று இருந்தால் ஓட்ட வேண்டாம். கம்பெனிக்கு போன் போட்டு வேறு வண்டி கேளுங்கள்.

கேள்வி: இப்படி லோ கியரில் இறக்கினால் கியர்பாக்ஸ் போய்விடும் என்கிறார் என் மெக்கானிக். பேட் விலை கம்மி, கியர்பாக்ஸ் விலை அதிகம்.

பதில்: இறக்கத்தில் இன்ஜின் மூவாயிரம், நாலாயிரம் ஆர்பிஎம்மில் சுற்றுவது அதற்குச் சாதாரணம். அளவு மீறும் என்றால் இன்றைய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கணினி அந்தக் கியரை ஏற்காது. இங்கே பேட் விலை கணக்கே இல்லை. பெடல் தரையைத் தொட்டபின் பேட் புதிதாக இருந்து என்ன பயன்?

கேள்வி: நான் நியூட்ரலில்தான் இறங்குவேன். பெட்ரோல் மிச்சம். இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பதில்: மிச்சமே இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே பெட்ரோல் தேவை. மொத்த எடையும் பிரேக் மேல் விழுகிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இதைச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கேள்வி: சிவிடி வகை ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரே இல்லையே, அப்புறம் எப்படி?

பதில்: இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுழற்சி விகிதம் மாறும், அவ்வளவுதான். எஸ் அல்லது பி (B) போட்டால் அதுவும் வேகத்தைப் பிடித்து வைக்கும்.

கேள்வி: கேமரன் மலைக்கு எந்த வழி?

பதில்: முதல் முறை என்றால் சிம்பாங் பூலாய் வழி. அகலம் அதிகம், வளைவுகள் தாராளம். தாப்பா வழி குறுகலானது. வாந்தி வரும் பிள்ளைகள் இருந்தால் வேண்டாம். எதில் போனாலும் மதிய மழைக்கு முன் மேலே ஏறிவிடுங்கள். இறங்கும்போது மேலே சொன்ன லோ கியர்தான்.

கேள்வி: மழையில் கண்ணாடி பனி பிடித்து மறைக்கிறது. ஏசியைக் கூட்டினால் இன்னும் மோசமாகிறது.

பதில்: விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் ஏசி காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், காற்று வெளியிலிருந்து வரட்டும். வெளியே ஈரம் என்றால் கண்ணாடி அதிகம் குளிர்ந்திருக்கிறது: காற்றை முகத்துக்குத் திருப்பி, குளிரைக் குறைத்து, வைப்பரை ஓட்டுங்கள். உங்களுக்கு இரண்டாவது வகை. மழையில் ஹசார்ட் லைட் (எல்லா இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் லேன் மாறுவது யாருக்கும் தெரியாது. ஹெட்லைட் போதும். சாலையில் ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்காதீர்கள். அந்தச் சேதத்துக்குப் பல ஒப்பந்தங்களில் காப்பீடு கிடையாது. பருவமழைக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

கேள்வி: பெட்ரோல்?

பதில்: மஞ்சள் கைப்பிடி, ரான் 95. உள்ளே கவுண்டரில் பம்ப் எண்ணும் தொகையும் சொல்லி முன்பணம் கட்டுங்கள். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மானிய விலை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் கட்டுவது முழு விலை.

கேள்வி: இன்டர்நேஷனல் லைசென்ஸ் கட்டாயமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: விபத்தானால்?

பதில்: காயம் இருந்தால் 999. படம் எடுங்கள், கம்பெனிக்குச் சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் பதியுங்கள். சட்டம் கேட்பது அது, புகார் இல்லாமல் இன்சூரன்ஸும் நகராது. கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். விபத்தே வராமலிருக்க, இடது பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தலையையும் திருப்பிப் பாருங்கள். வண்டிக்கும் சாலையோரத்துக்கும் இடையிலான இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள் வேகமாக வரும்.

கேள்வி: அதே வண்டியில் சிங்கப்பூர் போகலாமா?

பதில்: கம்பெனி எழுத்தில் அனுமதி தந்தால் மட்டும். பெரும்பாலும் தராது.

கேள்வி: பெர்மிட் எடுக்காமல் கோலாலம்பூர் வந்துவிட்டேன் அண்ணே. கார் புக் ஆகிவிட்டது, கம்பெனிக்காரர் பரவாயில்லை என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: புக்கிங்கை ரத்து செய்யுங்கள். பரவாயில்லை என்பவர் விபத்தன்று உங்களோடு காவல் நிலையத்துக்கு வரமாட்டார். ஈப்போ, பட்டர்வொர்த்துக்கு கேஎல் சென்ட்ரலிலிருந்து இடிஎஸ் ரயில் இருக்கிறது. கேமரன் மலைக்கு டிபிஎஸ் (TBS) பேருந்து நிலையத்தில் பஸ். ஊருக்குள் கிராப் செயலியில் டாக்ஸி.