கோர்ட்டில் தோற்ற பணத்தை யார் கேட்பது?

கேள்வி: அரசிடம் யாராவது நஷ்டஈடு கேட்டால், அமெரிக்காவில் சில மாநிலங்களில் சட்டமன்றக் குழுவே உட்கார்ந்து பரிசீலிக்கிறதாம். இங்கே அரசு வழக்கில் தோற்று நம் வரிப்பணத்தை அள்ளிக் கொடுக்கும்போது எம்.எல்.ஏ.க்கள் வாய் திறப்பதில்லையே! அவர்களுக்கு அதிகாரம் கிடையாதா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அதிகாரம் இருக்கிறது. எடுத்துப் புழங்கத்தான் ஆளைக் காணோம்.

அமெரிக்கக் கதையை முதலில் முடித்துவிடுவோம். ஆர்கன்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநில அரசை அதன் சொந்த நீதிமன்றங்களில் பிரதிவாதியாக்கவே கூடாது என்று அவர்களுடைய அரசமைப்பிலேயே இருக்கிறது. கோர்ட் கதவைச் சாத்திவிட்டதால் நஷ்டஈடு கேட்பதற்குத் தனி ஆணையம் வைத்திருக்கிறார்கள். அதன் முடிவு பிடிக்காவிட்டால் சட்டமன்றத் துணைக்குழுவிடம் அப்பீல். இதைப் பார்த்து ஏங்காதீர்கள். உங்கள் நஷ்டஈட்டை அரசியல்வாதிகள் கூடி முடிவு செய்யும் இடத்தில், எதிர்க்கட்சிக்காரரின் நிலத்துக்கு என்ன விலை விழும்?

நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. அரசமைப்பின் 300ஆவது பிரிவின்படி மாநில அரசின் பெயரைப் போட்டே வழக்குத் தொடரலாம். அரசு தோற்றால், தீர்ப்புத் தொகை 202ஆவது பிரிவின் கீழ் 'சார்ஜ்டு' செலவு, அதாவது கட்டாயம் கொடுத்தே தீர வேண்டிய செலவு. ஐகோர்ட் நீதிபதிகளின் சம்பளம், கடனுக்குக் கட்டும் வட்டி எல்லாம் அதே வரிசைதான். பேரவையில் ஓட்டுக்கு வராது. வரக் கூடாது என்பதே என் கருத்தும். நீதிபதி கொடு என்று சொன்னதை, கை தூக்கி இல்லை என்று சொல்ல ஆளுங்கட்சிக்கு வழி இருக்கக் கூடாது.

ஆனால் 203ஆவது பிரிவைப் பாருங்கள். ஓட்டு கிடையாது என்று சொன்ன கையோடு, விவாதத்துக்குத் தடையில்லை என்றும் அது சொல்கிறது. கோட்டையில் பலருக்கு அந்த இரண்டாம் பாதி கண்ணில் படுவதே இல்லை. வழக்கு நடக்கும்வரை "கோர்ட்டில் இருக்கிறது, பேச முடியாது" என்பார்கள். அது விதிப்படி சரி. தீர்ப்பு வந்து, அப்பீலும் முடிந்து, பணமும் பட்டுவாடா ஆன பிறகு எது வாயைக் கட்டுகிறது?

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அரசு மீது சிவில் வழக்குப் போடுமுன், அவசர வழக்குகள் நீங்கலாக, சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். நியாயமான கோரிக்கை என்றால் அரசு அங்கேயே தீர்த்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்த அவகாசம் அது. நடப்பது என்ன? சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமே சொன்னது: பெரும்பாலான நோட்டீஸ்களுக்குப் பதிலே போவதில்லை, போனாலும் மழுப்பலாகவே இருக்கிறது. பதில் அனுப்பும் பொறுப்பை ஓர் அதிகாரியிடம் மூன்று மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நம் துறைகளில் அந்த அதிகாரி யார் என்று எந்த எம்.எல்.ஏ.வாவது கேட்டு நான் பார்க்கவில்லை.

தாமதத்துக்கு என்ன விலை? அரசு எடுத்த நிலத்துக்கு கோர்ட் கூடுதல் விலை நிர்ணயித்தால், அந்தக் கூடுதல் தொகைக்கு முதல் வருடம் 9 சதவீதமும் பிறகு 15 சதவீதமும் வட்டி. 1894ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும் விகிதம் மாறவில்லை. 100 ரூபாயைப் பத்து வருடம் இழுத்தடித்தால் வட்டி மட்டும் 144 ரூபாய். அசலாவது நிலத்துக்கு உரியது. வட்டியில் பெரும்பகுதி, ஃபைல் தூங்கியதற்கு நாம் கட்டும் மொய்.

தீர்ப்புக்குப் பிறகும் ஜப்திக்கு முன் மூன்று மாதம் சட்டமே தருகிறது. அதையும் கோட்டைவிட்டால்தான் கோர்ட் ஊழியரான அமீனா ஆபீஸ் வாசலுக்கு வருகிறார். ஜீப், பீரோ, கம்ப்யூட்டர், சுழல் நாற்காலி என்று பட்டியல் எழுதுகிறார். உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்து, "சார், பதினைந்து நாள் டைம் கொடுங்க, ஃபைல் மேலே போயிருக்கு" என்கிறார். மறுநாள் பேப்பரில் படம் வரும், நாமும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவோம். (அரசு பஸ் ஜப்தி வேறு கணக்கு. போக்குவரத்துக் கழகங்கள் தனி நிறுவனங்கள். அவற்றைக் கேட்கப் பேரவையில் பொது நிறுவனங்கள் குழு இருக்கிறது.)

உங்கள் எம்.எல்.ஏ.விடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: போன நிதியாண்டில் கட்டிய தீர்ப்புத் தொகையில் துறைவாரியாக அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை நோட்டீஸுக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் போனது? அவர் எதிர்க்கட்சியாக இருந்தால் உற்சாகமாக வாங்கிக்கொள்வார். ஆளுங்கட்சியாக இருந்தால், ஒரு நகலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.