தேசியப் பட்டியலில் இருந்தாலும் கட்டடத்தை இடிக்க முடியுமா?

வணக்கம். சிகாகோவில் உங்கள் தெருமுனைக் கட்டடம் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் இருந்தும், உரிமையாளர் இடிக்க மனு போட்டிருக்கிறார், அது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டியல் பெரும்பாலும் கௌரவம்தான். தனியார் தன் பணத்தில் இடித்தால் அது தடுக்காது. தடுக்கும் பலம் நகரம் தரும் அடையாளச் சின்னத் தகுதிக்குத்தான் உண்டு.

முதலில் நகரத்தின் பழைய கட்டடக் கணக்கெடுப்பில் அதன் முக்கியத்துவத்தைக் குறிக்க என்ன நிறம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சிவப்பு அல்லது ஆரஞ்சு என்றால் இடிப்பு அனுமதியை 90 நாள் வரை நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் அந்தச் சின்னத் தகுதியைப் பரிசீலிக்கும் நகரத்தின் சின்னங்கள் ஆணையத்துக்குப் பரிந்துரை போய்விட வேண்டும். சின்னத் தகுதிக்கான 7 அளவுகோல்களில் 2 பொருந்தினால் போதும், ஆனால் பழைய உருவம் குலையாமல் இருக்க வேண்டும். வாசலுக்கு மேல் சுடுமண் பூவேலை இருப்பதாகச் சொன்னீர்களே, அதை இதழ் இதழாகக் கிட்டப்போய்ப் படம் எடுங்கள். கடைசி முடிவு நகர மன்றத்துடையது. அதனால் உங்கள் வார்டு உறுப்பினரை இன்றே பாருங்கள்.

1972இல் இடிபட்ட சிகாகோ பங்குச் சந்தைக் கட்டடத்தின் வாசல் வளைவு இன்று கலைக் கழக அருங்காட்சியகத்தின் பக்கத்தில் தனியாக நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். நிறம் தெரிந்ததும் எழுதுங்கள், பரிந்துரை எழுத நான் கூட இருக்கிறேன்.